இடது கையால் அனுப்பி வைத்தேன்

பாஞ்சுல்
மார்ச் 9

அன்பு மகள் அருந்ததிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்க நம் முருகன் துணை, இந்த ஊரில் ஐந்து வேளையும் கூப்பிடப்படுகிறவரும் துணை. தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நீ அம்மா அம்மா என்று மறித்துவிடுவாய். காகிதம் மறிக்காது. அப்பா வேலை பார்த்த மில்லிலிருந்து ஒருவர் லண்டன் போகிறார், அங்கிருந்து போட்டுவிடச் சொல்லித் தருகிறேன். நீ இதை ஒரே மூச்சில் படி, நடுவில் எனக்கு போன் செய்யாதே.

இங்கே இந்த வருஷம் பாலைவனக் காற்று இன்னும் விடவில்லை, காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் பெயர் எழுதலாம். போன மாதம் கோவர்த்தனன் குடும்பமும் அங்கோலாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டது. நாம் வந்தபோது பதினோரு தமிழ்க் குடும்பம் இருந்தது, இப்போது இரண்டு, அதில் ஒன்று நான். போகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு குக்கரை என் தலையில் கட்டிவிட்டுத்தான் போகிறார்கள், அடுக்களையில் ஏழு நிற்கிறது, கடை போடலாம். அப்பா இருந்த இடத்துக்குப் புது இன்ஜினியர் துருக்கியிலிருந்து வருகிறாராம். மில் வீட்டை ஏப்ரல் பதினைந்துக்குள் காலி செய்து தரச் சொல்லி மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லக்கூடாது, ஆறு மாதம் பொறுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு சைனபு ஒரு கிடா வாங்கியிருக்கிறாள், அது வேலிக்குள் தலையை விட்டு என் கொத்தமல்லியை ஒரு இலை விடாமல் மேய்ந்துவிட்டது. கேட்டால், பெருநாளைக்கு நீங்கதானே சாப்பிடப் போறீங்க, உங்க கொத்தமல்லி உங்களுக்கே வந்து சேரும்னு சொல்கிறாள். நான் கறி தொடுவதில்லை என்று இருபத்து நாலு வருஷமாக அவளுக்குத் தெரியும்.

நீ ஐந்து மாதமாக வெலிங்டனுக்கு உன்னிடம் வர டிக்கெட் போடட்டுமா என்று கேட்கிறாய், நானும் முட்டி வலி, பாஸ்போர்ட், தூசி, இருமல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தேன். எல்லாம் பொய். தலைப்பிரசவத்துக்கு மகளிடம் போகாமல் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அதற்கு முட்டி வலி காரணமாக இருக்க முடியாது, அது உனக்கும் தெரிந்திருக்கும், நாகரிகம் கருதிக் கேட்கவில்லை. காரணம் உன் அப்பா.

அப்பா பக்கத்து நாட்டு டாக்கர் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்றைக்கு நடந்ததை நான் உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. நெஞ்சில் ஏதோ பிடிக்கிறது, அங்கே போய் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் வந்துவிடுகிறேன் என்றுதான் புறப்பட்டார். எனக்கு மலேரியா, எழுந்து நிற்க முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்தேன். வழியனுப்ப சைனபு வந்து நின்றாள். நீ சின்ன வயசில் பள்ளிக்கூட விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அவள் கை குலுக்க உனக்கு இடது கையைத்தான் நீட்டுவாள், நான் முகத்தைச் சுளிப்பேன், நினைவிருக்கிறதா. தூரமாகப் போகிறவருக்குத் தப்பான கையைக் கொடுத்து அனுப்பினால், அந்தத் தப்பை வலது கையால் சரிசெய்ய அவர் திரும்பி வந்தே ஆகவேண்டும் என்பது இந்த ஊர்க்காரர்கள் கணக்கு. அன்றைக்கு அவள் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, அருந்ததி அம்மா, இன்னிக்கு நீங்களும் குடுங்க, ஒரு நாள் குடுத்தா உங்க சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது என்றாள். பீச்சாங்கையாலா புருஷனுக்கு விடை கொடுப்பாள் ஒருத்தி என்று எத்தனை வருஷம் அவளைக் கேலி செய்திருப்பேன். ஜுரத்தில் பயந்துபோயிருந்தேனோ என்னவோ, கொடுத்துவிட்டேன். அப்பா சிரித்தார். காப்பி டம்ளரை இடது கையால் நீட்டினால் வாங்கமாட்ட, இன்னிக்கு என்ன இவ்வளவு தாராளம் என்றார். காரில் ஏறிப் படகுத்துறைக்குப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்த்தது உன்னோடு நின்று டாக்கரில்தான். அங்கேயே எல்லாம் முடித்துச் சாம்பலையும் கடலில் விட்டோம். அவர் இந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ வெலிங்டனுக்குத் திரும்பிப் போன நாலாவது நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு கேட் கொண்டி தூக்கி விழுகிற சத்தம் கேட்டது. அப்பா சாப்பாட்டுக்கு வருகிற நேரம் அது, உனக்குத் தெரியும், அவரைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம். எட்டிப் பார்த்தேன், யாரும் இல்லை. ஆடு முட்டியிருக்கும் என்று விட்டேன். மறுநாளும் அதே சத்தம், அதே இரண்டு மணி. காற்று என்று நினைத்துக் கொண்டிக்குக் கயிறு கட்டச் சொன்னேன். கயிறு கட்டின பிறகும் சத்தம் கேட்டது, போய்ப் பார்த்தால் கயிறு கட்டினபடியே இருந்தது. எனக்குத்தான் மூளை கலங்கிவிட்டது என்று உன்னிடம்கூடச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஜன்னல் வழியாக வாட்ச்மேன் உஸ்மானைப் பார்த்தேன். பெரியவர், ஜபமாலை உருட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்தார். இரண்டு மணிக்கு எழுந்தார், அப்பாவுக்கு நிற்பதுபோல நேராக நின்றார், கொஞ்ச நேரம் கழித்து உட்கார்ந்தார். கூப்பிட்டுக் கேட்டேன். எதுக்கு எழுந்தேன்னு எனக்கே தெரியல மேடம், கால் தானா எழுந்திரிச்சிடுது, தினமும்தான், நீங்க பயந்துருவீங்கன்னு சொல்லல என்றார். பயந்துதான் போனேன் அருந்ததி. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், பயத்தைவிட அதிகமாகச் சந்தோஷம் வந்தது. வருகிறாரே என்று.

சைனபுவிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவே இல்லை. டீயை உயரத்திலிருந்து ஊற்றி நுரைக்க வைத்துக்கொண்டே, கையக் குடுத்து அனுப்பினீங்கல்ல, அவரு வாக்கு தவறாத மனுஷன், வரத்தானே செய்வாரு, வலது கையக் குடுத்துடுங்க, போயிடுவாரு என்றாள். அன்றைக்கு அவளோடு பெரிய சண்டை. போய்விடுவார் என்று என்ன லேசாகச் சொல்கிறாள், அவள் புருஷன் பக்கத்து அறையில் குறட்டை விடுகிறான், அவளுக்கென்ன. இரண்டு வாரம் பேசவில்லை. இந்த வீட்டை விட்டு நான் உன்னிடம் வந்துவிட்டால், அவர் இரண்டு மணிக்கு வந்து பார்க்கும்போது யாரோ ஒரு துருக்கிக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், அந்த நினைப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உயிரோடு இருக்கிற மகளைவிடச் செத்துப்போன புருஷன் பெரிதாகிவிட்டானா என்று நீ கேட்கலாம். ஆறு மாதம் அப்படித்தான் ஆகியிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழவில்லை, கோபப்படவும் இல்லை. சரிம்மா, நீங்க சிரமப்பட வேண்டாம், இங்க நர்ஸ் வந்து பாத்துக்குவாங்க என்றாய். வேற்று மனுஷியிடம் பேசுகிற மாதிரி அவ்வளவு மரியாதையாகச் சொன்னாய். போனை வைத்த கையோடு சைனபு வீட்டுக்கு நானே போய் நின்றேன். அவள் பாய் விரித்து உட்கார வைத்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு, அருந்ததி அம்மா, நீங்க அவரை வீட்டுக்கு வர வைக்கலயே, கேட் வாசல்லதானே நிக்க வைக்கிறீங்க, உள்ளயும் வர முடியாம திரும்பவும் முடியாம ஆறு மாசமா நிக்கிறாரே, அந்த மனுஷனுக்குக் கால் வலிக்காதா என்றாள். அப்பாவுக்கு முட்டி எப்படி வலிக்கும் என்று உனக்குத் தெரியும். கடைசி இரண்டு வருஷம் கேட்டிலிருந்து வாசற்படி வருவதற்குள் இரண்டு தரம் நிற்பார். அதற்கு மேல் நான் அவளோடு என்ன வாதாடுவேன்.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை குளித்து, அவருக்குப் பிடித்த மாம்பழ மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு ஒன்றே முக்காலுக்கே கேட்டுக்குப் போய்விட்டேன். கயிற்றை அவிழ்த்தேன். உஸ்மான் வீட்டுப் பின்பக்கம் போய்விட்டார். மெயின் ரோட்டில் வேன்காரன் சேரகுண்டா சேரகுண்டா என்று போகிற ஊரின் பெயரைக் கத்திக்கொண்டிருந்தான், வெயில் கண்ணைக் குத்தியது, பேய் பிசாசு வருகிற நேரமே இல்லை அது. கொண்டி தூக்கி விழுந்தது, என் கண் முன்னாலேயே. கேட் திறக்கவில்லை. நான் வலது கையை நீட்டினேன். என்ன பேசவேண்டும் என்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. அருந்ததிக்கு மே மாசம் பிரசவம், நான் போகணும்ங்க, நீங்களும் கிளம்புங்க என்றேன். கையில் எதுவும் படவில்லை, படும் என்று நான் எதிர்பார்த்தேன், அது உண்மை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, சைனபு வந்து என் கையைப் பிடித்துத் தாழ்த்திவிட்டாள், தோள் மரத்துப்போயிருந்தது. நேற்று இரண்டு மணிக்குக் கொண்டி அசையவில்லை. இன்றும் இல்லை. உஸ்மான் உட்கார்ந்தபடியே மாலை உருட்டிக்கொண்டிருந்தார். நான்தான் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன்.

அதனால் டிக்கெட் போட்டுவிடு, ஏப்ரல் பத்துக்கு முன்னால் எந்தத் தேதியானாலும் சரி. அதை மட்டும் இன்றைக்கு ராத்திரி போனிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேர்வதற்குள் தேதி முடிவாகியிருக்கும். சுக்கும் பெருங்காயமும் கொண்டுவரலாமா என்று உங்கள் ஊர் விமான நிலையத்தில் மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல், விதையைக் கண்டால் பிடுங்கிக்கொள்வார்களாமே. குளியலறையில் ஈரம் இருந்தால் நீ கால் வைக்காதே, மாப்பிள்ளை துடைக்கட்டும், அவர் கை தேய்ந்துவிடாது. ராத்திரி இடது பக்கமாக ஒருக்களித்துப் படு. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அழாதே, வயிற்றில் இருப்பது என்னவோ ஏதோ என்று நினைத்துக்கொள்ளும். நீயும் அதுவும் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும், இது உன் அப்பா சொல்லவேண்டியது, அவருக்கும் சேர்த்து நானே சொல்கிறேன்.

நான் அங்கே வந்ததும் அடுப்படியை உடனே என்னிடம் விட்டுவிடாதே, அரிசியை நீயே அளந்து கொடு. கல்யாணமான நாளிலிருந்து நான் ஒருத்திக்கு மட்டும் சமைத்ததில்லை, இந்த ஆறு மாதமும் அவருக்கும் சேர்த்தேதான் உலை வைத்தேன். நேற்றுதான் முதல் தடவையாக ஒருத்திக்கு அரிசி போட்டேன். எவ்வளவு என்று அளவு பிடிபடவில்லை.

இப்படிக்கு,
அம்மா