வியாழக்கிழமைக் காய்ச்சல்

வில்லரே, மொன்றியல்
22.8.1988

அன்பான தம்பி பற்றிக்,

சுகமாக வந்து சேர்ந்துவிட்டோம். மிராபெல் விமான நிலையத்தில் இறங்கும்போது நல்ல மழை. மறுநாளே அத்தான் டோர்வலுக்கு வேலைக்குப் போய்விட்டார். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் அந்தச் சமையற்கூடத்தில் ஒரு நாள்கூட லீவு நீட்ட விடமாட்டார்கள்.

உன்னைப் பார்க்காமல் திரும்பியதை நினைக்க நெஞ்சு பொறுக்கவில்லை. கலியாணம் கட்டி நாலு வருடத்தில் நாங்கள் இருவரும் போன முதல் பயணம் இது. அகதிக் கேஸ் முடிந்து பயணப் பத்திரம் கையில் வந்ததும், தம்பி இருக்கும் நாட்டுக்குத்தான் முதலில் போவோம் என்று அத்தானே சொன்னார். அப்படி வந்தும், உன்னிடம் வர இருந்த வியாழக்கிழமை காலையில் டெலிபோனில் சொன்னேனே, மொந்த்றோவில் அவருக்குக் கடும் காய்ச்சல். ஹோட்டல் அறையை விட்டு நாங்கள் வெளியே வரவேயில்லை. பேர்ணுக்கு ரயில் ஏற எங்கே முடியும்? சனிக்கிழமை விமானம் வேறு.

உனக்காகப் பின்னிய ஸ்வெற்றரை இன்று தபாலில் போடுகிறேன். கோபிக்காதே, ராசா.

உன் அக்கா
செலீன்


பேர்ண்
5.9.1988

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதமும் ஸ்வெற்றரும் கிடைத்தன. கை கொஞ்சம் நீளம், மடித்துவிட்டால் சரி. அத்தானின் காய்ச்சல் மாறியது சந்தோசம்.

அன்று உங்களுக்காக மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தேன். இந்த அகதி முகாமில் ஒரே அடுப்பு, முறை வைத்துத்தான் சமையல். என் அறையில் இருக்கும் பேரின்பநாதன் அண்ணை தன் முறையை எனக்கு விட்டுத்தந்தார். கடைசியில் அவரும் மற்றப் பெடியளும்தான் சாப்பிட்டார்கள். நல்ல ருசி என்றார்கள்.

என் கேஸை மறுத்துவிட்டார்கள். மேன்முறையீடு எழுதியிருக்கிறேன். நீங்கள் யோசிக்க வேண்டாம்.

ஒன்று கேட்க மறந்துபோனேன். மொந்த்றோ ஏரி அவ்வளவு அழகு என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். உங்கள் அறை யன்னலால் தெரிந்ததா?

தம்பி
பற்றிக்


வில்லரே
17.9.1988

தம்பி,

நீ கடைசியாகக் கேட்டதை நாலு நாளாகத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். அத்தானுக்குக் காய்ச்சல் இல்லை. அவரில் ஒரு பிழையும் இல்லை. அன்று காலை அவர் சப்பாத்துப் போட்டு, உனக்கு வாங்கிய சொக்கிலேற்றையும் பையில் வைத்துவிட்டு, "வெளிக்கிடு செலீன், ரயிலுக்கு நேரமாகுது" என்றார். நான் கட்டிலை விட்டு எழும்பவில்லை.

"நான் வரேல்ல. உங்களுக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுவம்."

"அவன் பாத்துக்கொண்டிருப்பானே?"

நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அவர் சப்பாத்தைக் கழற்றினார்.

பத்திரம் இல்லாமல் நான் இங்கே கிடக்க, திருகோணமலையில் அம்மா சாகும்போது பக்கத்தில் இருந்தவன் நீ ஒருவன்தான். ஒன்றரை வருடமாக நீயும் அதை எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. உன் முகத்தைக் கண்டால் கேட்டுத்தான் ஆகவேண்டும். முதல்நாள் முழுக்க நாங்கள் ஏரிக்கரையில் நடந்திருந்தோம். மலை தலைகீழாகத் தண்ணீரில் கிடந்தது. எங்களிடம் ஒருவரும் பத்திரம் கேட்கவில்லை. ஒரு கடைக்காரி என் மொன்றியல் பிரெஞ்சைக் கேட்டுச் சிரித்தாள், நானும் சிரித்தேன். இன்னும் ஒரே ஒரு நாள் இப்படி இருந்தால் என்ன என்று ஆசைப்பட்டுவிட்டேன். உனக்கு டெலிபோன் எடுத்த கையோடு பூப்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு படகு ஏறினேன். அன்று சந்தோசமாகவும் இருந்தேன், பற்றிக். அதுதான் இப்போது சுடுகிறது.

என்ன ஏச வேண்டுமோ ஏசு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

செலீன்


பேர்ண்
2.10.1988

அக்கா,

எனக்குத் தெரியும். அன்று நீங்கள் டெலிபோனை வைத்ததும் அத்தானுக்கென்று கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்து, சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றிக்கொண்டு, முகாமில் ஒருவரிடமும் சொல்லாமல் ரயில் ஏறினேன். ஹோட்டலின் பெயரை முன்பே எழுதியிருந்தீர்கள். அங்கே வாசலில் இருந்த பெண் ஏரிப் பக்கம் கையைக் காட்டினாள். நான் கரைக்கு வரவும் நீங்கள் இருவரும் படகால் இறங்கவும் சரியாக இருந்தது. உங்கள் தொப்பி காற்றில் பறந்தது. அத்தான் ஓடிப்போய்ப் பிடித்தார். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். இருபது அடி தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, கூப்பிடாமலே திரும்பி நடந்தேன். திரும்பும் ரயிலில் அந்தக் கொத்தமல்லித் தண்ணியை நானே குடித்து முடித்தேன்.

கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. யன்னலைப் பற்றிக் கேட்டதும் கோபத்தில்தான்.

நீங்கள் கேட்காததைச் சொல்லிவிடுகிறேன். அம்மா கடைசி மூன்று நாளும் "செலீன் வந்திட்டாளா?" என்றுதான் கேட்டா. "பிளேன் கொழும்பில இறங்கிட்டுது அம்மா, றோட்டுத்தான் மூடியிருக்கு, அக்கா வாறா" என்று மூன்று நாளும் சொன்னேன். அவ தலையாட்டினா. அதை நம்பிக்கொண்டே கண்ணை மூடினா. இதை உங்கள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன் என்று எனக்கும் பயம். அன்று மீன் வெட்டும்போது, நீங்கள் வராமல் விட்டால் நல்லது என்று ஒரு நிமிடம் நானும் நினைத்தேன்.

மேன்முறையீட்டுக்கு மார்கழியில் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு நான் எங்கே இருப்பேனோ தெரியாது. இதற்குப் பதில் எழுத வேண்டாம் அக்கா. வாங்கோ.

பற்றிக்