லைட்டை அணைச்சுட்டுக் காமி

ஜூன் 21, 2024, வெள்ளி

இன்றும் அதே கதைதான். குவைத்தில் அவருக்கு வெள்ளிக்கிழமை லீவு. பத்து மணிக்குக் கூப்பிட்டார். பேச்செல்லாம் மீன்தொட்டிச் செடியைப் பற்றி. "செவப்புத் தண்டு தண்ணிக்கு மேல வந்துருச்சு பாரு. தலையக் கிள்ளி மண்ணுல ஊனிரு. நாடாப்புல்லு கன்னு விட்டுருக்கா?"

விட்டிருக்கிறது. தாய்ச்செடியிலிருந்து ஒரு கொடி ஓடி, அதன் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு கன்று. மூன்று இலை வந்ததும் கொடியை வெட்ட வேண்டுமாம். கடைசியில் எப்போதும் போல, "தொட்டி லைட்ட அணைச்சுட்டுக் காமி." லைட்டை அணைத்தால் செடி எப்படித் தெரியும்? கேட்டால் கண் கூசுகிறதாம்.

குறை சொல்ல எனக்கென்ன யோக்கியதை! கேமராவைத் தொட்டிப் பக்கம் திருப்பியவள் நான்தானே. பிப்ரவரியில், ஐந்தாம் மாதத்தில் பிள்ளை கலைந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அவர் வீடியோவில் கூப்பிட்டார். கல்யாணமாகி நாற்பது நாள்தான் கூட இருந்தவர். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. "உங்க தொட்டியப் பாருங்க" என்று திருப்பிவிட்டேன். அப்புறம் என் முகத்தைக் காட்டவே இல்லை.

அவரும் காட்டச் சொல்லவில்லை. பிள்ளையைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கன்று விட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்கிறார்.

ஜூன் 30

கன்றுக்கு மூன்று இலை வந்துவிட்டது. கத்தரிக்கோலை எடுத்தேன். வெட்ட மனம் வரவில்லை.

ஜூலை 12, வெள்ளி

"கண்ணாடி பூராம் பாசி! ஒண்ணுமே தெரியல. தொடச்சு வைக்கக் கூடாதா?" என்று எரிந்து விழுந்தார். எனக்கும் சுருக்கென்று வந்துவிட்டது. கண்ணாடியில் பாசி படிந்ததற்கு இந்தப் பதற்றமா? நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கே போயிற்று இந்தப் பதற்றம்?

மாமா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை 15

என்னவென்று எழுத. காலையில் மாமா யாரிடமும் சொல்லாமல் தொட்டியில் மயில்துத்தம் போட்டுவிட்டார். திராட்சைக்கு மருந்தடிக்க வாங்கி வைத்திருந்தது. "பாசிக்கு அதான ஆத்தா மருந்து? தோட்டத்துத் தண்ணித் தொட்டியில அதத்தான போடுவோம். மகன் கோவப்பட்டானேன்னு..." சாயங்காலத்துக்குள் ஒன்பது மீனும் மிதந்துவிட்டது.

மாமாவைத் திட்டவும் முடியவில்லை. அவர் சோற்றைத் தொடவே இல்லை.

ஜூலை 17

நாடாப்புல் கூழாகிவிட்டது, தாயும் கன்றும் சேர்ந்து. கொடியை நான் வெட்டாமலே விட்டிருந்தேன். சிவப்புத் தண்டும் கறுத்துப்போயிற்று. எல்லாவற்றையும் அள்ளிக் கொல்லையில் ஒரு வாளியில் போட்டேன்.

எனக்குச் செடி போனது பெரிதில்லை. ஆனால் அவரும் நானும் பேச இருந்ததே அது ஒன்றுதான். இனிமேல் என்ன பேசுவோம்? எதற்குக் கூப்பிடுவார்?

ஜூலை 19, வெள்ளி

மூன்று தடவை போன் அடித்தார். எடுக்கவில்லை.

ஜூலை 26, வெள்ளி

எடுத்துவிட்டேன். ஆறு தடவை தண்ணீர் மாற்றியாயிற்று. தொட்டியில் மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. லைட்டைப் போடாமலே காட்டினேன். மாமா பெயரைச் சொல்லவில்லை, என் தப்பு என்றேன். "பரவால்ல பவானி. கொஞ்ச நேரம் அப்பிடியே பிடிச்சுக்கிட்டு நில்லு" என்றார். வெறுந்தொட்டியில் என்னத்தைப் பார்க்கிறாரோ.

ஜூலை 28

அத்தை நெஞ்செலும்புச் சாறு வைத்துக் கொடுத்தார்கள். "ஈஸ்வரன் போன் போட்டு ஒரே சத்தம். நீ எளச்சுட்டியாம், கண்ணுக்குக் கீழ கறுத்துருச்சாம், நான் கவனிக்கலையாம்." அவருக்கு யார் சொன்னது? மாமாவிடம் கேட்டேன், அவர் சொல்லவில்லையாம்.

ஜூலை 31

மாமா வாளியைக் கிளறி ஒரு தண்டை எடுத்து வந்தார். ஒரே ஒரு இடத்தில் நகக்கண் அளவு பச்சை. "திராட்சக் குச்சி மாதிரித்தான ஆத்தா இதுவும்? கணுவுல உசுரு இருந்தாப் போதும். ஒரு கணு மண்ணுக்குள்ள, ஒரு கணு வெளிய." கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரே நறுக்கினார். நான் ஊன்றினேன்.

ஆகஸ்ட் 14

கணுவில் வெள்ளையாக வேர். மாமாவை இழுத்துவந்து காட்டினேன். "சொன்னேன்ல!" என்றவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நவம்பர் 8, வெள்ளி

ஒரு கணுவிலிருந்து பதினேழு தண்டு. தலையைக் கிள்ளி ஊன்ற ஊன்ற, அடித்தண்டு இரண்டாகக் கிளைக்கிறது. இப்போதெல்லாம் வெட்டும்போது கை கூசுவதில்லை.

மாசி பிறந்ததும் லீவில் வருகிறாராம். பயமாக இருக்கிறது. நேரில் கேமராவைத் திருப்ப முடியாதே.

பிப்ரவரி 16, 2025

முந்தாநாள் வந்தார். இரண்டு நாளாக நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று காலை கம்பம் டவுனுக்குப் போய் நாடாப்புல் வாங்கிவந்தார். "முந்தி எப்பிடி வச்சிருந்தோம்னு போன்ல படம் இருக்கும், பாரு" என்று போனைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

வெள்ளிக்கிழமைகளில் பேசும்போது எடுத்துவைத்த படங்கள். நூற்றுக்கு மேல் இருக்கும். எல்லாம் லைட் அணைத்த தொட்டி. செடி எதிலும் சரியாகத் தெரியவில்லை. தெரிவது நான். வாசல் வெளிச்சத்தில், தொட்டிக் கண்ணாடியில், போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தலையில் துண்டோடு ஒன்று. கண் வீங்கி ஒன்று. பாசிக்குள் மங்கலாக ஒன்று. வெறுந்தொட்டியில்தான் தெளிவாக இருக்கிறேன்.

முதல் படத்தின் தேதி போன வருடம் பிப்ரவரி ஒன்பது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று. காதில் பஞ்சு வைத்திருக்கிறேன். அழுதுகொண்டிருக்கிறேன். அவர் அன்றைக்கே பார்த்திருக்கிறார்.

பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நானும்தான் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம்.

ஈரத்தலையோடு வந்தவர், என் கையில் திறந்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "நீயாக் காட்டுற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்" என்றார்.

நான் போய்த் தொட்டி லைட்டை அணைத்தேன். அவர் வந்து என் பின்னால் நின்றார். கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தோம். அதைப் பார்த்தபடியே, நம்ம பிள்ளையைப் பற்றி முதல் தடவையாக அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன்.