ஆறு சங்கு, ஐந்து மணி நேரம்

செவ்வாய், இரவு

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஏழாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்தினேன். அதில் ஒரு கணக்கு நானே பெருமையோடு எழுதியது. சங்கு குளிப்பவர் ஒரு மணி நேரத்தில் ஆறு சங்கு எடுத்தால் ஐந்து மணி நேரத்தில் எத்தனை எடுப்பார்? பிரின்சி பன்னிரண்டு என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்தேன்.

வகுப்பில் அவளிடம் ஏன் என்று கேட்டேன்.

"ரெண்டு மணி நேரத்துக்கு மேல கடலுக்கு அடியில கிடக்கப்படாது டீச்சர்."

"ஏளா, இது கணக்குளா. இங்கன தண்ணியே கிடையாது" என்றாள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

"எங்கப்பா அஞ்சு மணி நேரம் கிடந்தாவ டீச்சர். அதான் இப்ப காலு விளங்காம கட்டில்ல கிடக்காவ." சொல்லிவிட்டு பிரின்சி உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு அது தெரியும். போன வருடம் அவர்கள் வீட்டுக்குப் போய், அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காபி குடித்தேன். கணக்கை எழுதும்போது அந்த மனிதர் நினைவுக்கே வரவில்லை.

அதன்பின் மணி அடிக்கும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாளை அந்தக் கணக்கைப் பலகையில் எழுதுவேன். எல்லோரும் பார்க்க, சிவப்புச் சாக்பீஸால் நானே அதைக் குறுக்கே அடிப்பேன். வீட்டில் என் கணவரிடம்கூட இதை இன்னும் சொல்லவில்லை.