அம்மாவின் நிழல் விழுந்த சட்டை

அன்பு மகள் செம்மொழிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தி தங்கம்மாளும் ஆடுகளும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும். இந்த வரியை இத்தனை காலம் யாரையாவது எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்தேன், இப்போது என் கையே எழுதுகிறது. ழ மட்டும் இன்னும் வாலைச் சுருட்ட மாட்டேன் என்கிறது. சம்பா நடவு முடிந்தது, வாய்க்காலில் தண்ணீர் வருகிறது.

போன தை மாதம் நீ கேட்டாய் என்று வலங்கைமானில் ஷமீரா ஸ்டுடியோவில் நானும் அம்மாவும் படம் எடுத்தோமே, அன்று கடைக்காரப் பெண் ஷமீரா அம்மா பக்கம் ஒரே ஒரு விளக்கை வைத்தாள். ஒத்த லைட்டுதானா, மறுபக்கம் கரண்டு இல்லையா என்று அம்மா கேட்டாள். ஒத்த சூரியன்தான பாட்டி இருக்கு என்று ஷமீரா சொல்ல, அம்மா சிரித்துவிட்டாள், அந்தச் சிரிப்பு அடங்கும் நேரத்தில்தான் எடுத்தாள். அம்மாவை மட்டும் தனியாகப் பிரித்து மாலை போட ஃபிரேம் செய்யுங்கள் என்று நீ போனில் சொன்னதற்காகச் செவ்வாய்க்கிழமை போனேன். பஸ் போர்டை நானே படித்து ஏறினேன், யாரையும் கேட்கவில்லை. அந்தச் சந்தோஷம் இருந்தது. அம்மா போனதிலிருந்து வேறொன்றும் வரவில்லை, அழுகைகூட. ஷமீரா கம்ப்யூட்டரில் படத்திலிருந்து என்னை நீக்கிவிட்டு அம்மாவைக் காட்டினாள். முகம் சரி, கொண்டை சரி, ஆனால் ஏதோ குறைந்தது. கேட்டேன். பாட்டியோட நிழல் உங்க சட்டையிலதான தாத்தா விழுந்திருந்துச்சு, உங்கள எடுத்தப்ப அதுவும் போயிடுச்சு என்றாள். பழைய படத்தைத் திரும்பக் காட்டச் சொன்னேன். என் வெள்ளைச் சட்டையில் பாதி அளவுக்கு அம்மா இருந்தாள். பிரிக்க வேண்டாம், இப்படியே போடு என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தேன், கோபப்படாதே.

வீட்டில் சித்திதான் சண்டைக்கு வந்தாள். உசுரோட இருக்கிற ஆளுக்கு எப்படி மச்சான் மாலை போடுறது, அபசகுனம் என்றாள். மாலையே வேண்டாம் என்றேன். இவருக்கு நாலு எழுத்து வந்ததும் வந்துச்சு, சொன்ன பேச்சு காதுல ஏறல என்று திட்டிக்கொண்டே, கனகாம்பரத்தைக் கிள்ளி அம்மா பக்கத்து மூலையில் மட்டும் செருகினாள். தினமும் அப்படித்தான் செருகுகிறாள். கீழே அம்மா பெயரைப் பொன்னுத்தாய் என்று நானே எழுதினேன், த் விட்டுப்போய் மறுபடி எழுதினேன்.

மாப்பிள்ளையிடம் முகம் கொடுத்துப் பேசு. பேரனுக்குக் குளிரில் காதை மூடு. நெல் விளைவது போல உன் குடும்பம் விளையட்டும். பொங்கலுக்கு வரும்போது பூ வைக்க உனக்கும் கை நீளும், பார்த்து வை, வலப்பக்கம் இருப்பது நான், எனக்கு இப்போது வேண்டாம்.

இப்படிக்கு, மை தொடாத கட்டைவிரலோடு
உன் அப்பா இராஜாங்கம்