ரோடு ஒடியும் இடம்

அன்பு ஜோலீனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் முழுசாக இருக்கிறோம், பிக்கப் வண்டிதான் கொஞ்சம் குறைந்திருக்கிறது. சியாட்டில் மழையில் நீ சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மா போனில் முந்திக்கொண்டு சொல்லியிருப்பாள், இருந்தாலும் என் கையெழுத்திலும் படித்துக்கொள். போன சனிக்கிழமை பட்டப்பகலில், நம் வீட்டுக்கு அரை மைல் முன்னால் ரோடு ஒடியும் இடத்தில், நான் மட்டும் ஒடியாமல் நேராகப் போய் டாரெலின் சோயா வயலுக்குள் இறங்கிவிட்டேன். பூமி உருண்டை, அதன் மேல் நிலத்தைச் சதுரம் சதுரமாக அளந்து கோடு போட்டால் எங்காவது இடிக்கத்தான் செய்யும், அதனால்தான் ரோட்டை அங்கே ஒடித்து ஒட்டியிருக்கிறார்கள் என்று நீ ஆறாம் வகுப்பில் எனக்குப் பாடம் எடுத்த அதே இடம். மற்றபடி இந்தக் கவுன்ட்டியில் ரோடெல்லாம் நேர்கோடு, ஸ்டியரிங்கைக் கயிற்றால் கட்டிவிட்டுத் தூங்கலாம்.

உன்னோடு படித்த டெஸ்தான் இப்போது ஷெரிஃப் ஆபீசில் இருக்கிறாள், அவளே வந்தாள். மான் குறுக்கே வந்தது என்றேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "மான் பறந்து வந்துச்சா அங்கிள்? ஒரு குளம்புத் தடம்கூட இல்லையே" என்றாள். சிரித்தாள்தான், ஆனாலும் டாக்டரிடம் கண்ணைக் காட்டிச் சீட்டு வாங்கி வரச் சொல்லிவிட்டாள். டாரெலோ, பயிரைப் பார்க்க ஆசையாயிருந்தால் சொல்லியிருக்கலாமே, நானே கூட்டிப்போயிருப்பேனே என்றான். டீசன் வீட்டில் புதிதாகக் குடிவந்திருக்கும் ரமீரோ டிராக்டரில் சங்கிலி போட்டு இழுத்துவிட்டார். அம்மா அவர்கள் வீட்டுக்குத் தோட்டத்து ருபார்ப் தண்டை வைத்து இனிப்புப் பலகாரம் சுட்டு அனுப்பினாள்.

கண் டாக்டர் என் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். அதுதான் இப்போது வம்பாகிவிட்டது. கண்ணில் இல்லையென்றால் தலையில் என்று அம்மா பயப்படுகிறாள். நீயும் போனில் நோயாளியிடம் பேசுவது போல மெதுவாகப் பேசி, வீட்டை விற்றுவிட்டு உன் பக்கம் வந்துவிடச் சொன்னாய். லைசென்ஸ் போனால் அதுதான் நடக்கும், பால் வாங்கவே இருபது மைல் போகவேண்டிய இடத்தில் வண்டி ஓட்டாதவன் எப்படி இருப்பது. அதனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மானும் இல்லை, தலையிலும் ஒன்றுமில்லை. பள்ளியிலிருந்து உன்னைக் கூட்டிவரும்போது வீட்டுக்கு வீடு ஆள் எண்ணிக்கொண்டே வருவோமே, அன்று தனியாக அந்த விளையாட்டை ஆடிக்கொண்டு வந்தேன், வாய்விட்டே. ஹின்ரிக்ஸ் வீடு ஒன்பது, அந்த வீட்டையே இடித்து ரோட்டோரம் வரை மக்காச்சோளம் போட்டுவிட்டார்கள், லைலாக் செடி மட்டும் யாருக்கோ பூத்துக்கொண்டு நிற்கிறது. வில்பர் வீடு ஒன்று, நாயையும் சேர்க்கணும் என்று நீ சண்டை போடுவாய். இப்போது வில்பரும் இல்லை, நாயும் இல்லை. ஆனால் டீசன் வீட்டைக் கேள், ரமீரோ, அவர் மனைவி, நாலு பிள்ளைகள், மறுபடியும் பழையபடி ஆறு! சந்தோஷத்தில் ஹாரன் அடித்தேன், அந்தப் பிள்ளைகள் பயந்துபோய்க் கை காட்டினார்கள். இதை அம்மாவிடமும் சொன்னேன், "எண்ணிக்கிட்டே போறதுக்கு நீங்க என்ன ஆடா மேய்க்கிறீங்க? அந்த வளைவு நகரலை, நீங்கதான் நகர்ந்துட்டீங்க" என்றாள். ஆனால் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள்.

காரில் எண்ணெய் மாற்றி எத்தனை மாதமாயிற்று, பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் போன் போடு, அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் பக்கத்திலேயே நிற்பாள். கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

அம்மாவிடம் சொல்லாதது ஒன்று உண்டு. டீசன் வீட்டுக்குப் பிறகு நம் வீடுதானே. உன் முறை அது, ஜன்னலைத் திறந்து "மூணு" என்று கத்துவாய். இப்போதைய கணக்கு எனக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்ல வரவில்லை, அதற்குள் ரோடு ஒடிந்துவிட்டது.

உன் அப்பா,
எல்மர்