மூன்றாவது நகல்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நடுக்கடலில், கப்பலில் இருக்கும் உனக்கு இந்த மெயில் எப்போது கிடைக்குமோ. உன் மாமாவைப் போலீஸ் பிடித்துப்போய்விட்டது. நம் தையல் கடையைக் காலி செய்யச் சொல்லிக் கத்திவிட்டுப் போன கட்டட ஓனர், கடை மாடிப்படியில் உருண்டு விழுந்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். இவர்தான் தள்ளினார் என்கிறான் அவர் மகன். நான் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தேன். "நான் தொடவே இல்லடி" என்று இவர் அழுகிறார். நீ மாட்டிய கேமராதான் இனி எங்களுக்குக் கதி. பழைய பதிவு தானாக அழிந்துவிடும் என்று வக்கீல் பயமுறுத்துகிறார். எனக்குத் தையல் மிஷின் தெரியும், இந்த ரெக்கார்டர் பெட்டியில் கைவைக்கத் தெரியாது. சீக்கிரம் எழுதுடா.

அக்கா

மார்ச் 7

அன்புள்ள அக்கா,

அழாதே. ரெக்கார்டர் பெட்டியை உடனே நிறுத்து. ஓடினால் பழசின் மேல் புதுசு பதிந்துவிடும். ஓனர் வீட்டில் கடைச் சாவி ஒன்று இருக்கிறதல்லவா? பெட்டியை வீட்டுக்குத் தூக்கிப் போ. ஆள் வைத்து மூன்று பென்டிரைவில் நகல் எடு. ஒன்று வக்கீலுக்கு, ஒன்று பீரோவில், ஒன்று அடுத்த துறைமுகத்தில் எங்கள் கம்பெனி ஆபீஸுக்கு, என் பெயருக்குக் கூரியரில். எல்லாம் ஒரே இடத்தில் இருக்கவே கூடாது. மாமா அதட்டிப் பேசக்கூடத் தெரியாத மனுஷன். வெளியே வந்துவிடுவார்.

தம்பி

மார்ச் 10

தம்பி,

பெட்டி செத்துக் கிடக்கிறது. துணித் தூசி போகக்கூடாதென்று பஞ்சு வைத்து ஓர் உறை தைத்துப் போட்டிருந்தேன், ஓரத்தில் பைப்பிங் எல்லாம் வைத்து. ரிப்பேர்காரர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுக்குக் குளிருதுன்னு ஸ்வெட்டர் போட்டீங்களா? காத்தே இல்லாம உள்ள டிஸ்க் வெந்துபோச்சு" என்கிறார். என் கையாலேயே இவர் தலையில் மண்ணள்ளிப் போட்டுவிட்டேன். சோறு இறங்கவில்லை. ஏதாவது வழி சொல்லு.

அக்கா

மார்ச் 12

அக்கா,

படிக்கு மேலே இருக்கும் கேமராவுக்குள் நகம் அளவில் ஒரு கார்டு போட்டிருக்கிறேன். பெட்டி கெட்டாலும் அதில் பதிவாகும். அடி மூடியைத் திருகி எடு. முதலில் நகல், பிறகுதான் பார்ப்பது. பார்க்கிறேன் பேர்வழி என்று எதையாவது அமுக்கிவைக்காதே!

தம்பி

மார்ச் 19

தம்பி,

நீ சொன்னபடியே செய்தேன். உனக்கானதைக் கூரியரில் போட்டுவிட்டு வந்துதான் பார்த்தேன்.

தள்ளினார்டா. இரண்டு கையாலும். ஓனர் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தார். இவர் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து தைக்கிறார். கதவு வழியாகத் தெரிகிறது.

ஒன்றும் கிடைக்கவில்லை என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன். அழிப்பது எப்படி? அதை மட்டும் நீ எழுதவே இல்லை.

அக்கா

மார்ச் 27

தம்பி,

ஏன் பதிலே இல்லை? கார்டையும் இரண்டு பென்டிரைவையும் அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஓனர் நினைவு திரும்பாமலே போன வாரம் போய்விட்டார். நேற்று அவர் மனைவி கடைக்கு வந்தார். "கேமராவுல ஏதாச்சும் இருந்துச்சாம்மா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இல்லை என்றேன். இவர் எனக்குப் புருஷன், நான் வேறென்ன சொல்ல?

கூரியர் ஆபீஸில் விசாரித்தேன். நீயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாயாம். திட்டவாவது ஒரு வரி எழுதுடா.

உன் அக்காதான்