யூனுஸ் என்றால் சமுத்திர ராஜா

வெள்ளிக்கிழமை, இரவு.

தங்கை மகள் சகீனாவின் பிள்ளைக்கு யூனுஸ் என்று பெயர் வைத்ததே நான்தான். "சமுத்திர ராஜான்னு அர்த்தம்" என்று சபையில் எடுத்து விட்டேன். எட்டாவது வரை படித்தவன் சொன்னால் யார் மறுப்பார்?

இன்று நாமக்கல் பட்டறைக்கு சகீனாவின் மாப்பிள்ளை அழைத்துப் போனார். அவருடைய புது லாரியின் நெற்றியில் 'யூனுஸ்', அதற்குக் கீழே 'சமுத்திர ராஜா' என்று பெரிய பெரிய எழுத்து.

"மாமா, நாளைக்கு வண்டிக்கு துஆ ஓத ஹஜ்ரத் வாராருங்க. எங்கூட்டு ஆளுங்க முன்னாடி நீங்கதான் அர்த்தத்த எடுத்துச் சொல்லோணும்" என்றார்.

திரும்பும் வழியில் பள்ளிவாசலில் இறங்கி ஹஜ்ரத்திடம் நைசாகக் கேட்டேன்.

"அது எபிரேயத்துல இருந்து வந்த பேருங்க பாய். புறான்னு அர்த்தம்."

பெயின்ட் காய்ந்துவிட்டது. யூனுஸ் நபி மீன் வயிற்றில் கிடந்தார். நான் கொசுவலைக்குள் கிடக்கிறேன்.

ஆனால் நூஹ் நபியின் கப்பலிலிருந்து பறந்ததும் புறாதானே? உலகமே தண்ணீராய் நின்றபோது அதற்கு மேலே பறந்தது அது. அப்படியானால் சமுத்திரத்தை ஆண்டது யார்? இது ஹஜ்ரத்துக்கே தோன்றியிருக்காது.

அவர் மட்டும் சிரித்துவிட்டால், புகுந்த வீட்டார் முன்னால் சகீனாவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

யா அல்லாஹ், நாளைக்கு அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளட்டும். லேசாகப் போதும்.